புகை பிடிப்பவர் வாயில் பூஞ்சைக்கு ஏன் கொண்டாட்டம்?

கன்னத்தின் உள்பக்கம், மேலுதடும் கீழுதடும் சேரும் மூலைக்குச் சற்று உள்ளே, ஒரு வெள்ளைத் திட்டு. வலி கிடையாது. காரக்குழம்பு பட்டால் மட்டும் லேசாக எரியும். நாக்கால் தடவினால் சொரசொரப்பு. பல வருடமாகப் பீடியோ சிகரெட்டோ பிடிக்கிற உங்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் என்ன செய்வீர்கள்? உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை சமைக்கச் சொல்வீர்கள். மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் ஒரு அட்டை வாங்குவீர்கள். இரண்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் அந்தத் திட்டு பூஞ்சையால் வந்ததென்றால் இரண்டாலும் அது போகாது.

"பூஞ்சையா? என் வாய்க்குள் எப்படி வந்தது?" புதிதாக வந்திருக்க வேண்டியதில்லை. முன்பிருந்தே அங்கே குடியிருந்திருக்கலாம். கேண்டிடா என்பது ஒரு ஈஸ்ட் (ஒற்றைச் செல்லாக இருந்து, மொட்டு விட்டுப் பெருகும் பூஞ்சை வகை). எந்த நோயும் இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாயில் இது இருக்கிறது. இதில் பல இனங்கள் உண்டு. வாயில் அதிகம் காணப்படுவது கேண்டிடா ஆல்பிகன்ஸ். நாக்கின் பின்பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். எவ்வளவு பல் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. போக்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் திட்டு வருவதில்லை? பூஞ்சை இருப்பது வேறு, பூஞ்சை நோய் வருவது வேறு. முதலாவதை இரண்டாவதாக மாறவிடாமல் தடுக்க வாய்க்குள் பல காவல்கள் இருக்கின்றன.

முதல் காவல் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. ஊறி ஊறி, ஒட்டப் பார்க்கும் பூஞ்சையைக் கழுவி வயிற்றுக்குள் தள்ளிவிடுகிறது. அதில் ஹிஸ்டாட்டின் என்ற சிறு புரதங்கள் இருக்கின்றன; அவை கேண்டிடாவை நேரடியாகவே கொல்லும். ஐஜிஏ (கிருமிகளைப் பற்றிக்கொண்டு ஒட்டவிடாமல் செய்யும் எதிர்ப்புப் புரதம்) என்ற இன்னொன்றும் உண்டு. இதுபோக, வாயின் உள்தோல் தன் மேல்பரப்புச் செல்களை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. ஒட்டியிருக்கும் பூஞ்சையும் சேர்ந்து உதிர்ந்துவிடும். வாயில் வாழும் பாக்டீரியாக்களும் இடத்தையும் உணவையும் பூஞ்சைக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

கேண்டிடா ஆல்பிகன்ஸிடம் ஒரு வித்தை இருக்கிறது. சாதுவாக இருக்கும்போது அது உருண்டைச் செல். தருணம் பார்த்து நீண்ட இழையாக மாறும். இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம்: ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் சில செல்களைக் கலந்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பல உருண்டைகளிலிருந்து முளை நீண்டிருக்கும். இது கேண்டிடா ஆல்பிகன்ஸ்தானா என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் வெகுகாலமாகச் செய்துவரும் சோதனையே இதுதான்.

இந்த இழைதான் தோலுக்குள் துளைத்துக்கொண்டு போவது. இழை வடிவத்தில் இருக்கும்போது அது கேண்டிடாலைசின் என்ற நச்சுப் பொருளைச் சுரந்து நம் செல்களை ஓட்டையாக்குகிறது. இந்த நச்சு அடையாளம் காணப்பட்டது 2016-இல்தான்.

இனி புகைக்கு வருவோம். புகை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வாயின் காவலைத் தளர்த்துகிறது. பூஞ்சையின் கையை ஓங்கச் செய்கிறது.

காவல் எப்படித் தளர்கிறது? புகை பிடிப்பவர் எச்சிலில் ஐஜிஏ குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிருமியை விழுங்கிச் செரிக்கும் வெள்ளை அணுக்கள் புகையின் நச்சுப்பொருள்களால் மந்தமாகின்றன. நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ஈறுக்கும் உள்தோலுக்கும் வரும் ரத்தம் குறைகிறது. தினமும் பலமுறை படும் சூட்டையும் புகையின் ரசாயனங்களையும் தாங்க, மென்மையாக இருக்கவேண்டிய உள்தோல் தடித்துக் காய்ப்பேறுகிறது. அந்தக் காய்ப்பு உங்களைப் பாதுகாக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பூஞ்சை தங்கி வேர்விட அது தோதான இடம்.

பூஞ்சையின் கை ஓங்குவது எப்படி? கனடாவில் கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் ருவாபியா குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். சிகரெட் புகையைக் குளிர்வித்துச் சேகரித்த வடிநீரைக் கேண்டிடா ஆல்பிகன்ஸுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். புகை பட்ட பூஞ்சை அதிகமாக வளர்ந்தது. அதிகமாக ஒட்டியது. அடர்த்தியான உயிர்ப்படலம் (நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பசை சுரந்து, கூட்டமாக வாழும் அடுக்கு) கட்டியது. ஒட்டுவதற்கும், இழையாவதற்கும், நம் புரதங்களைக் கரைப்பதற்கும் பூஞ்சைக்குத் தேவையான மூன்று மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன.

உயிர்ப்படலம் என்றதைக் கொஞ்சம் கவனியுங்கள். தனியாக மிதக்கும் பூஞ்சையைக் கொல்லும் அளவு மருந்து, படலத்துக்குள் இருக்கும் பூஞ்சையைக் கொல்லப் போதாது. மருந்து போட்டும் சரியாகவில்லை என்று புலம்புகிறவர்கள் விஷயத்தில் இதுவும் ஒரு காரணம்.

"ஆய்வகத்தில் நடந்தது என் வாயில் அப்படியே நடக்குமா?" நியாயமான சந்தேகம். கண்ணாடிக் குடுவையில் எச்சில் ஊறுவதில்லை, சோறும் போவதில்லை. மனிதர்களிடம் எடுத்த கணக்குகள் எல்லாமே ஒரே பதிலைச் சொல்லவுமில்லை. 1980-இல் அரெண்டார்ஃப், வாக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், புகை பிடிப்பவர்கள் வாயில் கேண்டிடா இருப்பது அதிகம் என்று கண்டார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளும் அதையே சொல்ல, வேறு சில பெரிய வித்தியாசம் இல்லை என்றன.

ஆனால் பூஞ்சை இருக்கிறதா என்பதை விட்டு, பூஞ்சை நோய் யாருக்கு வருகிறது என்று கேட்டால் படம் தெளிவாகிறது. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகைத் திட்டு ஏறக்குறைய புகை பிடிப்பவர்களுக்கே வருகிறது. என் மதிப்பீடு இதுதான்: நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குப் புகை மட்டுமே தனியாகப் பூஞ்சை நோயைக் கொண்டுவருவது குறைவு. வேறொரு காரணமும் கூடச் சேரும்போது அது சரியான கூட்டாளி. அந்த ஒரு வகைத் திட்டில் மட்டும் முதல் குற்றவாளியே புகைதான்.

சரி, நோய் வந்தால் எப்படித் தெரியும்? எல்லோருக்கும் தெரிந்த வகை, தயிர் படிந்தது போன்ற வெள்ளைப் படலம். நாக்கு, கன்னம், அண்ணம் என்று எங்கும் வரும். கைக்குழந்தைகளின் வாயில் பார்த்திருப்பீர்கள். சுத்தமான துணியைச் சுற்றிய விரலால் துடைத்தால் பெயர்ந்து வரும். அடியில் சிவந்திருக்கும், சில சமயம் லேசாக ரத்தம் கசியும்.

வெள்ளையே இல்லாத வகையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நாக்கின் நடுவில், பின்பக்கமாக, சாய்சதுர வடிவில் வழவழவென்று ஒரு சிவப்புத் திட்டு விழும். அங்கே மட்டும் நாக்கின் சிறு முட்கள் உதிர்ந்திருக்கும். புகைக்கும் பல்செட்டுக்கும் தொடர்புடையது என்று நெடுநாளாக அறியப்பட்டது இது. சிலருக்கு, நாக்கு மேலே தொடும் இடத்தில் அண்ணத்திலும் இதே போன்ற சிவப்பு தெரியும். வலிக்காததால் வருடக்கணக்கில் கவனிக்காமலே இருப்பார்கள். வாய் ஓரங்களில் வெடித்து எரிவதிலும் பல நேரம் கேண்டிடாவின் பங்கு இருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முதலில் சொன்ன அந்த வாய் மூலைத் திட்டு துடைத்தால் வராது. எவ்வளவு தேய்த்தாலும் அப்படியே இருக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும், வாய் மூலையிலிருந்து உள்நோக்கி முக்கோணமாக விரியும். சில இடம் வெள்ளை, சில இடம் சிவப்பு என்று கலந்திருக்கும். இதை நாள்பட்ட தடிப்புப் பூஞ்சை நோய் என்று சொல்லலாம். பூஞ்சை இழைகள் தோலின் மேலடுக்குக்குள் புகுந்துவிட, தோல் தடித்துப்போயிருக்கும் நிலை. மேலே சொன்ன அந்த ஒரு வகை இதுதான்.

இது ஏன் கவலைக்குரியது? இந்தத் திட்டுகளில் ஒரு பகுதி புற்றுநோயாக மாறக்கூடும். எல்லாம் மாறாது, எது மாறும் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. சிவப்பும் வெள்ளையும் கலந்த திட்டுக்கு, சீரான வெள்ளைத் திட்டைவிட ஆபத்து அதிகம். பூஞ்சையே திட்டை உண்டாக்கியதா, அல்லது புகையால் ஏற்கெனவே கெட்டிருந்த இடத்தில் பூஞ்சை வந்து குடியேறியதா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. உங்களைப் பொறுத்தவரை எதுவானாலும் செய்யவேண்டியது ஒன்றே.

பூஞ்சைக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒரு வழி மது. மதுவிலுள்ள ஆல்கஹாலைக் கேண்டிடா அசிட்டால்டிஹைடாக மாற்றும். மது குடிப்பதால் உடலில் சேரும் அசிட்டால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக ஏற்ற முடிவு. ஆகவே குடிக்கும்போதுதான் பிடிப்பேன் என்பவர் சமாதானம் அடைய இதில் ஒன்றுமில்லை.

இப்போது கண்ணாடி முன் போங்கள். வெளிச்சம் நன்றாக விழ நில்லுங்கள். கைப்பேசி டார்ச்சும் வைத்துக்கொள்ளலாம். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். கை கழுவி, கட்டைவிரலால் வாய் மூலையை வெளியே இழுத்து உள்கன்னத்தைப் பாருங்கள், மறுபக்கமும். நாக்கை நீட்டி மேலே, பிறகு வலமும் இடமும். நாக்கைத் தூக்கி அடியில். தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தை. மொத்தம் ஒரு நிமிடம். வெள்ளையோ சிவப்போ கண்ணில் பட்டால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், சுரண்டாதீர்கள். துடைத்தால் வருவது, வராதது இரண்டையும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். வராததைச் சீக்கிரம் காட்டவேண்டும்.

புகையோடு கூட்டுச் சேரும் மற்றவை எவை? நம் ஊரில் முதலில் சொல்லவேண்டியது சுகர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் எச்சிலில் சர்க்கரை கூடுகிறது, வாய் காய்கிறது. இரண்டும் பூஞ்சைக்கு லாபம். அதோடு புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திரும்பத் திரும்ப வாயில் பூஞ்சை வருகிறவர் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. எச்ஐவி சோதனையும் டாக்டர் சொல்லலாம். சந்தேகப்பட்டுச் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வழக்கமான நடைமுறை.

அடுத்தது இன்ஹேலர். பல வருடம் புகைத்து நுரையீரல் கெட்டு, வீசிங்குக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஏராளம். மருந்தில் ஒரு பகுதி தொண்டையிலும் நாக்கிலும் படிந்து, அந்த இடத்து எதிர்ப்பைக் குறைக்கிறது. அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள், மூச்சுதான் முதலில். ஒவ்வொரு முறை எடுத்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, தொண்டை வரை காறித் துப்புங்கள். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய்) பயன்படுத்தினால் வாயில் படிவது இன்னும் குறையும்.

பல்செட்? இரவு கழற்றித் தூங்குங்கள். செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எச்சில் ஓட்டம் இல்லை. பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. பிளாஸ்டிக்கின் நுண்ணிய பள்ளங்களிலும் அது ஒளிந்துகொள்ளும். தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரவில் ஊறவைக்க வேண்டும். வாய்க்கு மருந்து போட்டுச் செட்டைச் சுத்தம் செய்யாவிட்டால், செட்டிலிருந்தே பூஞ்சை திரும்ப வாய்க்கு வந்துவிடும்.

சிகிச்சை கடினமா? சாதாரணப் படலத்துக்கு எளிது. க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட், நிஸ்டாட்டின் போன்றவற்றை வாயிலேயே தடவலாம். பரவலாக இருந்தால் ஃப்ளூகோனசோல் உள்ளுக்குக் கொடுப்பார்கள். பொதுவாக ஒன்றிரண்டு வாரச் சிகிச்சை. இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்துவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். சொன்ன நாள்வரை போடவேண்டும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கொடுத்திருந்தால், அதையும் நிஸ்டாட்டினையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள். ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரே மருந்துக்கடையில் கேட்டு வாங்கினால் என்ன? இரண்டு ஆபத்து. வாய்ப்புண் என்று நீங்கள் சொல்ல, அவர் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் அது பூஞ்சையைத் தொடாது. பூஞ்சையோடு போட்டி போடும் பாக்டீரியாக்களைக் கொன்று, இருப்பதை அதிகமாக்கும். சரியாக ஃப்ளூகோனசோலே கொடுத்தாலும், அது மற்ற மருந்துகளோடு மோதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு வரலாம். வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல்லுக்கும் இந்த ஆபத்து உண்டு. சுகருக்கு கிளிமிபிரைடு எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

துடைத்தால் வராத அந்தத் தடிப்புத் திட்டுக்கு மருந்து மட்டும் போதாது. பயாப்சி (சிறு துண்டு சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பேச்சை நம்பிப் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சோதனை இல்லாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

புகையை விடாமல் மருந்து மட்டும் போட்டால்? படலம் போகும், திரும்ப வரும். தடிப்புத் திட்டில் இது இன்னும் கண்கூடு: புகையைத் தொடர்பவருக்குத் திட்டு திரும்புவது அதிகம், நிறுத்தியவருக்கு, மருந்தும் சேரும்போது, திட்டு சுருங்குவதும் சில சமயம் மறைவதும் உண்டு. மறைந்தாலும் டாக்டர் சொல்லும் தேதிகளில் போய்க் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

"பில்டர் சிகரெட்டுக்கு மாறலாமா?" பயனில்லை. "பீடி இலைதானே?" பீடியை அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்; தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டுக்குக் குறைவாக வருவதில்லை. இ-சிகரெட்டை இந்தியா 2019-இலேயே தடைசெய்துவிட்டது. அதன் ஆவியும் கேண்டிடாவை வளர்க்கிறது என்று அதே லவால் குழுவினர் அந்த வருடமே எழுதினார்கள்.

நிறுத்தத் துணை வேண்டுமென்றால் மத்திய அரசின் கட்டணமில்லாப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800-11-2356. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்திய முதல் சில வாரங்களில் சிலருக்கு வாயில் சிறுசிறு கொப்புளப் புண்கள் வரும். காய்ப்பேறிய உள்தோல் பழையபடி மென்மையாவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். இவை பூஞ்சை அல்ல, வலிக்கும், தானே ஆறும். "விட்டதும் புண் வந்துவிட்டது, பிடித்தால் போய்விடுகிறது" என்று திரும்பப் பிடிக்கப் போனவர்கள் உண்டு. இந்த இடத்தில்தான் மணத்தக்காளியும் பொறுமையும் தேவை.

இரண்டு வாரத்துக்கு மேல் வாயில் எந்தத் திட்டோ புண்ணோ நின்றால் பல் டாக்டரிடமோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ காட்டுங்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள் என்பதை அவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள்.